எட்டுப் புதுப் பூட்டுகள்

காவிரிக்கரை ஆசிரமம் ஒன்றில் உலக நாடுகளின் கூட்டம் கூட இருந்தது. எல்லோருக்கும் நல்ல தண்ணீர், எல்லோருக்கும் கழிப்பறை என்பதுதான் பேச்சு. பேச வருபவர்களுக்காக எட்டுக் கழிப்பறைகள் கட்டி, அவர்கள் வரும்வரை அழுக்காகக் கூடாதென்று எட்டுப் பூட்டும் போட்டிருந்தார்கள்.

சாவிக்கொத்து அறவாழியின் இடுப்பில் இருந்தது. குடிநீர்ப் பொறியாளராக முப்பது வருடம் ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சீடரானவர். குரு நாச்சியாரம்மா அவரைவிட வயதில் இளையவர்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் குருவிடம் கேட்டார்.

"படிச்சவங்களுக்குத்தான் தவம் கைகூடுமாம்மா? சமையல்கட்டுல பொன்னுத்தாயைப் பாருங்க. மூணு மாசமா அடுப்பு முன்னால நிக்கிறா. பொழுது சாயுற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல."

"ஏன்னு கேட்டீங்களா?"

"தவத்தைப் போய்க் கேக்கலாமா?"

குரு எழுந்து சமையல்கட்டுக்கு நடந்தார். அறவாழி பின்னால் போனார். குரு கேட்டதும் பொன்னுத்தாய் கரண்டியை வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"குடிச்சா ஒதுங்கணும்மா. எங்க போறது? ஆத்தோரம் பூரா பந்தல் போடுற ஆம்பளைங்க. போன மாசம் நீர்க்கடுப்பு வந்து ரத்தமாப் போச்சு. இப்படியே இருந்தா கிட்னி போயிடும்னு டாக்டரம்மா திட்டுறாங்க."

குருவின் முகம் சிவந்துவிட்டது.

"என் குடிலுக்குள்ளயே ஒண்ணு இருக்கு. அதான் எனக்கும் தெரியல. வெக்கக்கேடு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் அறவாழி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்தான். கேட்காதது அவள் குற்றம் என்பது போலச் சொன்னார்.

குரு கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கிப் பொன்னுத்தாயிடம் கொடுத்தார். பிறகு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அறவாழியிடம் நீட்டினார்.

"குடிங்க."

குடித்தார். இன்னொரு செம்பு வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று.

"இங்கேயே உக்காந்து காய் நறுக்குங்க," என்று சொல்லிவிட்டுக் குரு குடிலுக்குப் போனார்.

பொன்னுத்தாய் சாவியோடு வெளியே போய்த் திரும்பி வந்தாள். பானையில் மொண்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அறவாழி பூசணிக்காய் நறுக்கினார். அரை மணி நேரத்தில் காலை மாற்றி மாற்றி உட்கார ஆரம்பித்தார். ஆற்றங்கரையை எட்டிப் பார்த்தார். பந்தல்காரர்களோடு இப்போது ஊரே வேடிக்கை பார்க்க நின்றது.

குடிலுக்கு விரைந்தார்.

"அம்மா, சாவி வேணும். அவசரம்."

"பொன்னுத்தாய்கிட்ட இருக்கே."

"நீங்க வாங்கித் தந்தா நல்லாயிருக்கும்."

"ஏன், ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே."

அறவாழி தலைகுனிந்தார்.

"ஒரு பொம்பளைகிட்ட இதைப் போய் எப்படிம்மா கேக்கிறது?"

"மூணு மாசமா அவளும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு அடுப்பு முன்னால நின்னா," என்றார் குரு.