வனத்து அந்தோணியார் கோயிலுக்கு வந்த ஆடு

செபம் வரவில்லை என்பதற்காக ஒருவர் மடத்தைவிட்டுப் போவாரா? இருதயம் போவதென்று முடிவுகட்டிவிட்டார். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

லாரி ஓட்டிப் பிழைத்தவர். மனைவி இறந்தபிறகு, தஸ்நேவிஸ் சாமியாரின் சின்ன மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் சீடர் குருவைச் "சாமி" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார்.

"கண்ணை மூடுனா லாரிச் சத்தந்தான் கேக்கு சாமி. செபம் வராத ஆளுக்கு மடம் எதுக்கு? காலைல பஸ் ஏறிருதேன்."

சாமியார் தடுக்கவில்லை. "போறதுதான் போறீய, வனத்து அந்தோணியாரையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

செம்மணல் மேடான தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது அந்தக் கோயில். நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆளின் முதுகு வெளியே இருக்கும். எந்தக் காலத்திலோ மாடுகளுக்குக் கோமாரி கண்டு ஊரே கலங்கியபோது கட்டியதாம். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே ஆடு மாடுகளுக்குக் காவலான அந்தோணியார். வேப்பங்காற்று சிலுசிலுவென்று வந்தது. தூரத்தில் ஒரு மயில் அகவி ஓய்ந்தது.

இருதயத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இங்கே வராத செபம் வேறெங்கே வரப்போகிறது? முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார். சாமியார் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல் என்பார்கள். இங்கே நுழைந்தது ஆடு.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க." கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். பக்கத்து ஊர் பேச்சித்தாய். "இவ மல்லி. சினையா இருக்கா. நேத்துலேருந்து ஒரு வேப்பங்கொழை கடிக்க மாட்டேங்கா. அந்தோணியார்ட்ட கேளுங்க."

"உன் ஆடுதான, நீ கேளு தாயி."

"நல்லாருக்கே! இந்தக் கோயில்ல தன் ஆட்டுக்குத் தானே கேக்கக் கூடாதுல்லா. உள்ள யாரு இருக்காவளோ அவியதான் கேக்கணும். வழக்கம் தெரியாமலா முழங்கால் போட்டிருக்கீய?"

"எனக்குச் செபம் வராதும்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வயித்துப்பிள்ளக்காரி. பாத்துக் கேளுங்க."

இருதயம் மல்லியின் காதைத் தொட்டார். அனலாகக் கொதித்தது. அது அவர் தோளில் தலையைச் சாய்த்தது.

"அந்தோணியாரே, இது மல்லி. வாயில்லாச் சீவன். அதுக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. ஒரு வாய் தின்ன வையும்யா. குட்டியளப் பாக்காமப் போயிரப்படாது. கும்பிட்டுக் கேக்கேன், கைவிட்டுராதேயும்."

கண் நிறைந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் மல்லி எட்டி, பீடத்து அந்தோணியாருக்கு யாரோ போட்டிருந்த செவ்வந்தி மாலையை ஒரே கடியாகக் கடித்தது.

"தின்னுட்டா! தின்னுட்டா!" பேச்சித்தாய் குதித்தாள். "அண்ணாச்சி, குட்டி போட்டதும் தூக்கிட்டு வாரேன். பேரு நீங்கதான் வைக்கணும். இருப்பீயல்லா?"

"இருப்பேன், இருப்பேன்! பத்திரமாக் கூட்டிட்டுப் போ" என்றார் இருதயம், பாதி மாலையோடு நின்ற அந்தோணியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அவர் வெளியே வந்தபோது சாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, செபம் நடந்துச்சா?"

"எங்க சாமி! வாயைத் திறந்தா ஆட்டுப் பேச்சுதான் பேசுனேன். எனக்குன்னு ஒரு வார்த்தை வரலை."

சாமியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உங்களுக்கு வரலை, சரி. மல்லிக்கு வந்துச்சா இல்லையா?"