பரபாஸ் வேஷம்

எங்கள் கடற்கரையில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். சொல்லிக்கொடுப்பவர் இஞ்ஞாசி அண்ணாவியார். வருஷா வருஷம் இயேசுவாக நிற்பவன் அவருடைய சீடன் தொம்மை. தொம்மை பிடித்தால் உடும்புப் பிடி. குரு மட்டும் லேசுப்பட்டவரா என்ன!

அந்த வருஷம் தொம்மை குடித்துவிட்டுப் படகை ஓட்டிப் பாறையில் மோதினான். கூட இருந்த அண்ணன் லாசருக்கு ஒரு கை போனது. "போனது போகட்டும், என்னை வந்து பாக்கச் சொல்லு" என்று லாசர் ஆள் மேல் ஆள் விட்டான். தொம்மை போகவில்லை. எந்த முகத்தோடு போவான், பாவம்!

நேரே அண்ணாவியாரிடம் வந்தான்.

"அண்ணாவி, இந்தத் தடவை நூல் சாட்டை வேண்டாம். நிசச் சாட்டை எடுங்க."

"எதுக்குலே?"

"என் முதுகு கிழியணும். அப்பத்தான் பாவம் தீரும்."

"அவர் பட்டது பத்தாதா?"

"பத்தும்தான். ஆனா என் பங்குக்கு நானும் கொஞ்சம் படணும்லா?"

"மீன்லதான் பங்கு. சிலுவையில பங்கு கிடையாது."

"படாம விடமாட்டேன்."

"அப்ப உனக்கு இயேசு வேஷம் கிடையாது. நீ பரபாஸ்."

தொம்மையின் முகம் செத்துப்போனது. பரபாஸ் கொலைகாரன். ஜனங்கள் கூச்சல் போட்டு அவனை விடுவித்துக்கொண்டு, இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். ஒரு வசனம்கூட இல்லாத வேஷம்.

பெரிய வெள்ளி வந்தது. ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது, முன்னால் லாசர். சேவகன் பரபாஸின் கட்டை அவிழ்த்துவிட்டு, இயேசுவாக நின்றவனைத் தூணில் கட்டினான். தொம்மை மேடையை விட்டு இறங்கவில்லை. மேல்துணியை உருவிப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றான். சாட்டைக்காரன் திருதிருவென்று விழித்தான். அண்ணாவியாருக்கு வந்ததே கோபம்! மேடையேறினார்.

"எறங்குலே."

"ஒரே ஒரு அடி, அண்ணாவி. வாங்கிட்டு எறங்கிருதேன்."

"உன் இடத்துல அவர் நிக்காரு. நீயும் நின்னா, அவர் எதுக்குலே வந்தாரு?"

தொம்மை லாசரைப் பார்த்தான்.

"அடி படாத முதுகோட அண்ணன் முன்னால எப்படிப் போவேன்?"

"பரபாஸும் அப்படித்தான் போனான். எறங்கு."