துண்டுக்கு அடியில் நீட்டிய கை

வாருங்கள், உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். கதை நடுவில் எழுந்து போனால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராசாவும் அந்தக் கரையில் ஒரு ராசாவும் ஆண்ட காலம். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக மணலூற்று என்கிற இடத்தில் மாட்டுச் சந்தை கூடும். அந்தச் சந்தையில் கொற்றப்பன் என்று ஒரு வியாபாரி இருந்தான்.

ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்தவன். பிறத்தியார் மாட்டுக்குச் சாணி அள்ளி வளர்ந்தவன். எப்படியாவது பெரிய ஆளாகிவிட வேண்டும் என்கிற வெறி சின்ன வயதிலேயே அவனைப் பிடித்துக்கொண்டது.

"வியாபாரத்துல செயிக்க மூணு போதும். நல்ல மாட்டைப் பார்க்கக் கண்ணு. விலையைக் குறைக்க நாக்கு. எல்லாருக்கும் முந்திப் போய்ச் சேரக் காலு. மூணும் எங்கிட்ட இருக்கு" என்பான்.

பொய்யில்லை, இருந்தது. மாடு நாலடி நடப்பதைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவான். அவன் பேச ஆரம்பித்தால் விற்கிறவனுக்கே தன் மாடு நோஞ்சானாகத் தெரியும். ஊர் விழிக்கும் முன்பே சந்தையில் நிற்பான்.

அதே சந்தைக்குச் சீராளன் என்று இன்னொருவனும் வருவான். அவனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நாக்கு திக்கும். கால் விந்தும். கேட்க வேண்டுமா? கொற்றப்பன் அவனை வைத்துச் சந்தையையே சிரிக்க வைத்தான். "மூணும் இல்லாத முதலாளி வர்றாரு, வழி விடுங்க!" சீராளனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான்.

இப்போது மணலூற்றுச் சந்தையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கைக்கும் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு பொன், கை முழுவதையும் பிடித்தால் ஐந்து பொன். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். படிந்துவிட்டால் கையை எடுத்து, "முடிஞ்சது" என்பார்கள். அதற்கப்புறம் பின்வாங்கக் கூடாது. எழுத்தில்லை, சாட்சியில்லை. என்ன விலை என்று மூன்றாம் ஆள் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. பாட்டன் காலத்திலிருந்து ஒருவரும் அதில் புரட்டுப் பேசியதில்லை.

ஒருநாள் துண்டுக்கு அடியில் கை இருக்கும்போதே கொற்றப்பனுக்குப் புத்தி கெட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தான்.

முதலில், மகள் கலியாணத்துக்காக எருதை ஓட்டி வந்த ஒரு கிழவர். ஐந்து விரல் பிடித்துவிட்டு நாலு பொன் கொடுத்தான். "அஞ்சுல்ல பேசினோம்?" என்று கிழவர் பதறினார். "நாலுதான் பெரியவரே, கைதான் நடுங்குதே உங்களுக்கு" என்றான். கிழவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து ஒரு குயவன். அவன் கத்தினான், மண்ணை வாரித் தூற்றினான். யாரால் பஞ்சாயத்துப் பண்ண முடியும்? யார்தான் பார்த்தார்கள்?

மூன்றாவதாக ஒய்யம்மா என்கிற கைம்பெண். புருசன் செத்த வருசம். விதை தானியம் வாங்க, இருந்த ஒரே சோடி மாட்டை விற்க வந்தவள். அவளையும் ஏய்த்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை. கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, "உன் கையைத் தொட்டுப் பாத்துட்டேன் வியாபாரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எந்த ஊர்க்காரி என்றுகூட அவன் கேட்கவில்லை.

அந்த வருசம் மழை பொய்த்தது. ஆறு மணலாகக் கிடந்தது. வடக்கே ஒரு ராசா புதுசாகக் கோட்டை கட்டுகிறார், வண்டிமாட்டுக்கு வாய்க்கு வந்த விலை கொடுக்கிறார் என்று செய்தி வந்தது. கொற்றப்பன் துள்ளினான். தீனியில்லாமல் விற்க வந்தவர்களிடம் கையிருப்பையெல்லாம் கொட்டி மாடு வாங்கினான். வீட்டை விற்றான். காதுக் கடுக்கனையும் கழற்றி விற்றான். சந்தையே காலியாகும்படி பெரிய மந்தை சேர்ந்தது. தலைமாடு சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைக் காளை. அதன்மேல் மட்டும் அவனுக்கு உண்மையான ஆசை. தடவிக் கொடுக்காமல் தூங்க மாட்டான்.

சீராளனும் கிளம்பினான், கொஞ்சம் மாடுகளோடு. "வழியில ஒ...ஒரே கிணறுதான் ஊறுதாம் அண்ணே. அதுக்குத் தக்கபடி ஓட்டிட்டுப் போங்க" என்றான். கொற்றப்பன் காதில் வாங்கவில்லை.

வடக்கே போகும் பொட்டலின் நடுவில் ஒற்றைக்கிணறு என்று ஒரு சிற்றூர். போகும்போது மாட்டுக்குத் தண்ணீர், திரும்பும்போது அதற்குத் தானியம் என்பது அங்கே வழக்கம். அதற்கும் துண்டுக்கு அடியில்தான் விலை.

கொற்றப்பன் எல்லாருக்கும் முந்திப் போய்ச் சேர்ந்தான். மாடுகளுக்கு நாக்குத் தொங்கிவிட்டது. துண்டைக் கைமேல் போட்டு நீட்டினான்.

ஒருவர் கையும் உள்ளே வரவில்லை.

அவன் ஏய்த்த மூவரும் வீட்டுக்கு நடந்துதானே போனார்கள்? தங்கின சாவடியில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கிணற்றடியில் கயிற்றைப் பிடித்து நின்றவளைப் பார்த்தான். ஒய்யம்மா!

"ரெட்டிப்பாத் தர்றேன் ஆத்தா" என்றான்.

யாரும் அசையவில்லை. "மூணு மடங்கு!" என்றான். அதற்கும் அசையவில்லை. துண்டை வீசி எறிந்துவிட்டு, "இதோ, எல்லாருக்கும் கேட்க வாய்விட்டே சொல்றேன்!" என்று கத்தினான்.

ஊர்த்தலைவர் சொன்னார்: "உரக்கச் சொன்னாலும் சொல்றது நீதானேப்பா. உன் மாட்டுக்கு ஊத்தினா எங்க ஆடு சாகும். நீ தானியம் கொண்டாரலேன்னா நாங்களும் சாவோம். எதை நம்பி ஊத்த?"

"மாட்டையே பாதி எடுத்துக்குங்க!"

"எங்க ஆடுமாட்டுக்கே தண்ணியில்ல. அதை வாங்கி எதைக் குடுத்து வளர்க்க?"

கொற்றப்பன் பேசாத பேச்சில்லை. எந்த நாக்கை நம்பி வாழ்ந்தானோ, அது பேசப் பேச எதிரில் நின்றவர்கள் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

வெயில் சாயும்போது சீராளன் விந்தி விந்தி வந்து சேர்ந்தான். துண்டை விரித்தான். தலைவர் கை உடனே உள்ளே போனது, உடனே வெளியே வந்தது. "முடிஞ்சது." அவன் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். முன்னொரு தரம் மாடெல்லாம் வழியில் நோய் கண்டு செத்தபோதும், தலையில் சுமந்து தானியம் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்.

கொற்றப்பன் அவன் காலில் விழுந்தான். "தம்பி, எனக்காக நீ ஒரு தரம் கையை நீட்டு. உன்னைக் கும்பிடுறேன்."

சீராளனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எ...என் கையை நான் எரவல் குடுக்க முடியாது அண்ணே. நீங்க தரலேன்னா இந்த ஊருல பிள்ளைக சாகும்" என்றான்.

மறுநாள் மாடுகள் விழ ஆரம்பித்தன. கூலிக்கு வந்த மாட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். உச்சி வெயிலில் ஒய்யம்மா ஒரு செம்போடு வந்தாள்.

"மனுசனுக்குத் தண்ணிய நாங்க விலை பேசுறதில்ல. குடி."

இரண்டு கையையும் குவித்து ஏந்தினான். ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை, மயிலைக் காளை கிடந்த இடத்துக்கு ஓடினான். பாவம், பத்தடி ஓடுவதற்குள் விரலிடுக்கு வழியாக எல்லாம் ஒழுகிப் போய்விட்டது. காளை அவன் ஈர விரல்களை நக்கியது. நக்கிக்கொண்டே கண்ணை மூடிவிட்டது.

ஒய்யம்மா மறுபடி ஊற்றினாள். இந்தத் தரம் அவன் குடித்தான். சுற்றிலும் மாடுகள் ஒவ்வொன்றாகக் கத்தி அடங்கின. அவன் குடித்துக்கொண்டே அழுதான்.

அப்புறமும் வெகுகாலம் உயிரோடு இருந்தான், அதுதான் கொடுமை. மணலூற்றுச் சந்தை கூடும் நாளெல்லாம் ஒரு பழந்துண்டைக் கைமேல் போட்டு நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண் நன்றாகத்தான் தெரிந்தது, நாக்கும் நன்றாகத்தான் இருந்தது, காலுக்கும் குறையில்லை. சோறு போடுகிறவர்கள் போட்டார்கள். அந்தத் துண்டுக்குள் மட்டும் அவன் சாகும்வரை யாரும் கையை நீட்டவில்லை.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, எத்தனை திறமை இருந்தாலும், யாரும் பாராத இடத்திலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன்தான் வியாபாரத்திலும் வாழ்க்கையிலும் நிலைத்து நிற்பான்.