அட்டைப்பெட்டித் தேர்

திருவிழாவில் தேர் சாய்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மடத்தில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. ஊர்க்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போவார்கள். பிழைத்த பிள்ளைகளைப் பகலெல்லாம் இங்கேயே விட்டுவிட்டும் போவார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சீடர் மருதப்பனின் பாடு. தம் குருவான மடத்துச் சாமியைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். வாய் அதிகம், பொறுமை கம்மி.

சாமி ஒரு வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். மருதப்பன் ஓர் அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இதுங்க விளையாடுற லட்சணத்தைக் கேளுங்க சாமி. இந்தப் பெட்டிதான் தேராம். இழுக்குதுங்க, கவுக்குதுங்க, அடியில விழுந்து செத்துக் கிடக்குதுங்க. ஊரே எழவு வீடா இருக்கு. பிடுங்கிட்டேன்."

"செல்லக்கிளியுமா?"

செல்லக்கிளிக்கு ஏழு வயது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்கப் போனவள். நெரிசலில் கை நழுவியது. அவள் வந்தாள், அண்ணன் வரவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

"கவுக்கிறதே அவதான். ஒரு வார்த்தை பேசு, ஒரு கமர்கட்டுன்னேன். ரெண்டுன்னேன். பொட்டலத்தையே எடுத்துக்கன்னேன். எந்தச் சந்தையிலயும் இப்படி ஒரு கல்லுளிமங்கியப் பாத்ததில்ல. இதுங்க மறக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் செல்லக்கிளி முன்னால் வைத்தார்.

"நான் எங்கே நிக்கணும்?"

அவள் பெட்டிக்கு இடப்பக்கம் கை காட்டினாள். பிள்ளைகள் இழுத்தார்கள். பெட்டி கவிழ்ந்தது. சாமி புழுதியில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. செல்லக்கிளி அவர் கையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். அவர் கனத்தார். குதிகாலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்க," என்றாள். "விட்றாத."

சாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்த இழுப்புக்கு வந்தார்.

மருதப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பேசிட்டா சாமி. அப்ப முடிஞ்சதுதானே? பெட்டியை எடுத்து உள்ளே போட்டுடவா?"

சாமி தாடியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நான் ஒருத்தன்தானே வெளியே வந்திருக்கேன், மருதப்பரே. அடியில இன்னும் ஆள் கிடக்கு. நீங்களும் போய்ப் பெட்டியடியில படுங்க."