எண்பது கிலோ கொசுறு

அன்று அந்த விமானக் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர். சிறு விமானங்களைப் பழுதுபார்த்துச் சான்று எழுதும் பொறியாளர் ஜெசிந்தா. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் தங்கப்பழம். அவர் மனைவி ஜெயக்கனி. பெயர்ப்பலகை எழுதும் செய்யது.

தங்கப்பழம் விமானம் ஓட்டும் உரிமத்தை வேறோர் ஊரில் பெற்றிருந்தார். விமானம் என்றால் என்ன என்று கற்பதற்கு ஜெசிந்தாவிடம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு மறுநாள் அறுபது நிறைகிறது.

விமானம் தொழிற்சாலையில் பிறந்ததன்று. நியூசிலாந்தில் ஒருவர் பாகங்களை வாங்கி, தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துத் தம் கையாலேயே கட்டியது. வயதாகி அவர் விற்க, தங்கப்பழம் வாங்கிக் கப்பலில் வரவழைத்தார். அதன் கதவோரம் ஒரு சிறு தகடு இருந்தது. பறக்கும்போது மொத்த எடை அறுநூறு கிலோவைத் தாண்டலாகாது என்று அதில் பொறித்திருந்தது.

தகராறு அந்தத் தகட்டோடுதான்.

வெறும் விமானம் நானூற்று முப்பது கிலோ. தங்கப்பழம் தொண்ணூற்றிரண்டு. ஜெயக்கனி எழுபத்து நான்கு. இருவரும் ஏறினால் பெட்ரோலுக்கு மிஞ்சுவது நான்கே கிலோ. மறுநாளோ அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றிய கையோடு தம்பதியர் தம் சொந்த விமானத்தில் இராமேசுவரம் வரை பறந்து திரும்புவார்கள் என்று அழைப்பிதழில் அச்சிட்டு ஊர் முழுவதும் கொடுத்தாகிவிட்டது. அதற்கு டாங்கி நிறைய வேண்டும். டாங்கி நிறைந்தால் மொத்தம் அறுநூற்று எழுபத்தாறு.

ஆகவே தங்கப்பழம் அறுநூற்று எண்பது என்று புதுத் தகடு எழுதச் சொல்லிச் செய்யதைக் கையோடு அழைத்து வந்திருந்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

“கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி மேடம்,” என்று படிவத்தை நீட்டினார்.

“அறுநூத்து எண்பது எங்கேருந்து வந்துச்சு அண்ணாச்சி?”

“இதே பாகங்களை வாங்கிக் கட்டின இன்னொருத்தர் அவரோட தகட்டுல அப்படித்தான் எழுதியிருக்காரு.”

“அவரு கட்டினதுக்கு அவரு எழுதினாரு. இதை அவரு கட்டலையே.”

“ரெண்டு இருக்கை போட்டிருக்கான் மேடம்! ஒருத்தர்தான் பறக்கலாம்னா ரெண்டாவது இருக்கை எதுக்கு?”

“சாப்பாட்டுத் தூக்கு வைக்க,” என்றார் ஜெயக்கனி. நாளைக்கு எப்படி உட்காருவது என்று பார்ப்பதற்காக அவர் அந்த இருக்கையில்தான் ஏறி அமர்ந்திருந்தார். செய்யது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

தங்கப்பழத்துக்குக் காது வரை சூடேறியது. தீப்பெட்டி செய்யும் ஐந்நூறு பேருக்கு வேலை கொடுப்பவர் அவர். அவர் வந்தால் நகராட்சியில் நாற்காலிகள் நகரும். எங்கோ கடல் கடந்து இருக்கும் முகமறியாத ஒருவன் எழுதி வைத்த எண், அவருடைய விமானத்துக்குள் அவருடைய மனைவியை ஏற்றாதே என்கிறது. இந்தப் பொறியாளர் அம்மாளும் அதற்குத் தலையாட்டுகிறார். இது என்ன நியாயம்?

“அறுநூறுன்னு எழுதினா எழுநூறு தாங்கும் மேடம். எந்த வேலைக்காரனும் கொஞ்சம் கூட வச்சுத்தான் கட்டுவான். அது கொசுறு. அந்தக் கொசுறைத்தான் கேக்கேன். வேற எதையும் கேக்கல.”

ஜெசிந்தா படிவத்திலிருந்து நிமிர்ந்தார்.

“உங்க அப்பா பலசரக்குக் கடை வச்சிருந்தாங்கல்லா?”

“ஆமா. பன்னிரண்டு வருஷம் நானே தராசு பிடிச்சிருக்கேன்.”

“கொசுறு உண்டா?”

“கொசுறு வாங்காம என் கடைப் படி இறங்கினவங்க கிடையாது. ஒரு கை பொட்டுக்கடலை, இல்லேன்னா ஒரு துண்டு கருப்பட்டி.”

“வாங்க வந்தவங்க தானே சாக்குல கையை விட்டு அள்ளினா?”

“கையத் தட்டிவிடுவேன். கொசுறுன்னா கடைக்காரன் போடணும். நீயா அள்ளினா அதுக்குப் பேரு வேற.”

அந்த வேறு பெயரைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நிறுத்த வேண்டி வந்ததே என்பதில் கோபம் இரண்டு பங்காயிற்று.

“அப்ப அந்தக் கடைக்காரர்கிட்டயே கேளுங்க!”

“கேட்டாச்சு.”

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னார். கட்டியவர் நான்கே வரி எழுதியிருந்தார். அறுநூறு கிலோ வரை ஏற்றிப் பறந்து பார்த்தேன். அதற்கு மேல் ஏற்றிப் பார்க்கவில்லை. தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் தகட்டில் எழுதவில்லை.

“தாங்காதுன்னு சொல்லலையே!”

“தாங்கும்னும் சொல்லல.”

“அப்ப இதுக்கு வழியே கிடையாதா?”

“உண்டு. ஓட்டுறவர் மட்டும் ஏறணும். பக்கத்துல மணல் வைக்கணும். பத்துப் பத்துக் கிலோவாக் கூட்டணும். ஒவ்வொரு தடவை இறங்கினதும் இறக்கை உடம்போட சேர்ற இடத்தைத் திறந்து பார்க்கணும்.”

“எத்தனை நாள்?”

“நாலு மாசம்.”

“நாளைக்குக் கல்யாணம் மேடம்!”

“தேதியை விமானத்துக்கிட்ட யாரும் கேக்கலையே அண்ணாச்சி.”

“விமானம் என்னுது!” என்று தங்கப்பழம் கத்தினார். கூரையிலிருந்த புறாக்கள் படபடத்து எழுந்தன. “நான் வாங்கினது. என் பொறுப்பு. என்ன வந்தாலும் நான் பார்த்துக்கிடுதேன். நீங்க கையெழுத்தைப் போடுங்க.”

ஜெசிந்தா விமானத்தின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, கொஞ்சம் இறங்குங்க.”

ஜெயக்கனி இறங்கினார். காற்றுக் காலத்தில் விமானங்களைக் கட்டி வைப்பதற்கென்று மூலையில் மணல் மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் முப்பத்தேழு கிலோ. ஜெசிந்தா சொல்ல, செய்யது இரண்டைத் தூக்கி வந்து அந்த இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினான்.

“அது கழுத்துல ஒரு மாலையைப் போடு செய்யது. நாளைக்கு இவுக அதையே கூட்டிட்டுப் போகட்டும். வாய் பேசாது,” என்றார் ஜெயக்கனி.

டாங்கி காலையிலேயே நிரப்பப்பட்டிருந்தது. ஜெசிந்தா செய்யதின் கையிலிருந்து திருப்புளியை வாங்கினார். பழைய தகட்டைக் கழற்றினார். அறுநூற்று எண்பதைத் தாமே வைத்துத் திருகினார். படிவத்தை இறக்கையின்மேல் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

“ஒரு சுத்து அண்ணாச்சி. போய்ட்டு இறங்குங்க. இறங்கின உடனே கையெழுத்து.”

தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். இறக்கையின் அடியிலிருந்த படியில் வலது காலை வைத்தார். எஞ்சின் சாவி ஜெசிந்தாவின் சட்டைப் பையில் கிடந்தது. அது அப்போது தங்கப்பழத்தின் நினைவுக்கே வரவில்லை.

புதுத் தகட்டில் எழுத்தின் பெயின்ட் இன்னும் பளபளத்தது. அதைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே வெயிலில் ஓடுதளம் கானலாக நெளிந்துகொண்டிருந்தது. இடது கால் தரையைவிட்டு எழவில்லை.

“என்ன முதலாளி, படி வழுக்குதா?” என்றான் செய்யது.

தங்கப்பழம் காலை எடுத்துக் கீழே வைத்தார்.

“என்ன மேடம் விளையாடுதீங்க? ஏத்திப் பார்க்காத எடையில ஒரு மனுஷன் எப்படி ஏறுவான்? எனக்கு ஒண்ணு ஆயிட்டா? ஐந்நூறு குடும்பம் என்னை நம்பி இருக்கு.”

ஜெசிந்தா பேனாவை மூடினார்.

“நாளைக்கும் இதே எடைதான் அண்ணாச்சி. ஒரு கிலோ கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த இருக்கையில மட்டும் மணல் இருக்காது.”

ஜெயக்கனி மூட்டைகளைப் பார்த்தார். பட்டை அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கொட்டகையை விட்டு வெளியே நடந்தார்.