அம்மனுக்குப் போடாத திரை

என் மூத்தவன் வயிற்றிலிருந்தபோது, கோயில் வாசலில் பூக்கட்டும் செண்பகவல்லி எனக்கு முதலில் சொன்ன கதை இது.

மறைவில்தான் பாவம் நடக்கிறதென்று, ஊரில் எங்கேயும் கதவோ திரையோ கூடாது என ஒரு ராஜா ஆணையிட்டார். கோயிலுக்கு விலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை; அம்மனின் திரையைக் கழற்றவும் யாரும் துணியவில்லை. கதவு கழற்றிய வாசல்கள் கண் பிடுங்கிய குழிபோலக் கிடந்தன. குழந்தைகள்கூடச் சத்தமாய் அழவில்லை. புடவை மாற்றும்போது குறுக்கே துணி கட்டினாளென்று, அம்மன் கோயிலில் திரை இழுக்கும் மாடத்தியின் மகளைச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சவுக்கடி.

அன்று மாலை அபிஷேகம் முடிந்து, அம்மனின் ஈரத்துணியைக் களையும் நேரம். எதிரே கும்பிட வந்த ராஜா. மாடத்தி மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கயிற்றைத் தொடாமல் நின்றாள். காற்றில்லாமலே விளக்குகள் சாய்ந்தன. அம்மனின் கண் ராஜாவையே பார்த்தது.

அவர் பதறித் திரும்பிக்கொண்டார். "அடியே, திரையைப் போடு!"

"போட்டா எனக்கும் சவுக்கடியாச்சே மகாராசா. ஏன் திரும்பிட்டீக? மறைவுல ஆத்தா என்ன பண்றான்னு பாக்க வேண்டாமா?"

"தாயைப் பார்க்கலாமாடி?"

"எம் மகளைப் பாக்கலாமா சாமி?"

யாரும் தொடாமல் மணி ஒருமுறை அடித்தது. ராஜா திரும்பாமலே, "அவளை விடுங்கள். கதவுகளைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார். அதன்பிறகே மாடத்தி திரையை இழுத்தாள்.

நீங்களும் சாத்திய கதவைக் கண்டால், தட்டிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள், கண்ணுகளா.