வலது பக்கத்துத் தாழ்ந்த பந்து

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே முப்பது வருஷம் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர் தவமணி மிஸ். அவரிடம் ஆடிய பேச்சியம்மாள் இன்று வேறோர் ஊர்க் கல்லூரியில் கோச். நாற்பத்தாறு வயது. பெஞ்சில் இருந்து அவள் விரலைக் காட்டினால்தான் பந்து எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும். அப்பேர்ப்பட்டவள் அன்று மிஸ் வீட்டு வாசலில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

"உள்ள வாட்டி. சாப்பிட்டியா?"

"சனிக்கிழம ஃபைனல், மிஸ்."

"சோறு தின்னியான்னு கேட்டேன்."

தின்னவில்லை. எப்படி இறங்கும்? இரண்டு வருஷமாக ஃபைனல் வரை வந்து வந்து தோற்றாகிவிட்டது. மிஸ் தட்டை வைத்தார். பேச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"வலது பக்கம் அடிக்கிறவளுக்குத் தாழ்வாத்தான் பந்து குடுக்கச் சொல்லுதேன் மிஸ். நீங்க சொல்லிக்குடுத்ததுல நூலளவு மாத்தல. இப்போ எதிர்ப்பக்கத்துக்காரிக எல்லாத்துக்கும் அது தெரிஞ்சுபோச்சு. பந்து வருமுன்னயே தடுக்கக் கையத் தூக்கிட்டு நிக்காளுவ."

"சரி."

"ஷெர்லின்னு ஒருத்தி இருக்கா. பனைமரம் மாதிரி உசரம். 'உயரத் தூக்கிக் குடுங்க, அவளுக கைக்கு மேல அடிக்கேன்'ங்கா. பிராக்டிஸ்ல அடிக்கவும் செய்யுதா. அவளுக்கு இதான் கடைசி வருஷம்."

"பெறகு என்ன?"

"பயமா இருக்கு மிஸ். தாழ்ந்த பந்து நமக்கு ஆறு கோப்பை வாங்கித் தந்துச்சு. புதுசா ஒண்ணச் செய்யப்போயித் தோத்தா, தவமணி மிஸ் ஆட்டத்தப் பேச்சி கெடுத்துட்டாம்பாங்க. மத்தவங்க சொன்னாப் பரவால்ல. நீங்க நெனச்சிட்டா?" தட்டைத் தள்ளி வைத்தாள். "பழசா, புதுசா? ஒரு வார்த்த சொல்லுங்க."

மிஸ் எழுந்து செருப்பை மாட்டினார்.

"கைய கழுவு. கிரவுண்டப் பாத்துட்டு வருவோம்."

படிப்பு முடிந்தபின் பேச்சி காலேஜ் கிரவுண்டுப் பக்கமே வந்ததில்லை. தெரு திரும்பியதும் வயசு பாதியாகிவிட்டது அவளுக்கு. வாய் நிற்கவில்லை.

"அந்தத் தூங்குமூஞ்சி மரம் ஞாபகம் இருக்கா மிஸ்?"

மறக்குமா! கோர்ட்டுக்குப் போகிற வழியில் அதன் கிளை ஒன்று நெற்றி உயரத்தில் குறுக்கே கிடக்கும். குனியாமல் போனால் மண்டை வீங்கும். அதே கிளை மேலே ஏறி, வலைக்கு வலது பக்கம் பந்தல் மாதிரி கவிந்திருக்கும். அங்கே பந்தை உயரத் தூக்கினால் இலையில் தட்டித் தூக்கினவள் தலையிலேயே விழும். ஜெயித்த நாளில் அதன் ரோஸ் நிறப் பூவைத்தான் ஒருத்தி ஜடையில் ஒருத்தி சொருகிவிடுவார்கள். ஐயோ, என்ன நாளெல்லாம் அது!

"வெட்டச் சொல்லி நாலு தடவ எழுதிக் குடுத்தேன்," என்றார் மிஸ். "காலேஜ ஆரம்பிச்சவரு நட்ட மரமாம். வேணும்னா உங்க கோர்ட்ட வெட்டிக்கிடுங்கன்னுட்டாங்க பிரின்சிபாலம்மா."

"அதனாலதான மிஸ் தாழ்ந்த பந்து பொறந்துச்சு!" பேச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வேற எந்தக் காலேஜும் அப்படி ஆடல. பாக்க வந்தவங்க வாயப் பொளந்துட்டு நின்னாங்க."

அதற்குள் கல்லூரி வாசல் வந்துவிட்டது.

வாட்ச்மேன் எழுந்து கும்பிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். அதே செம்மண் பாதை. பேச்சி முன்னால் போனாள்.

"இங்கதான் மிஸ் நான் கால் பிசகி விழுந்தது. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. அந்தக் குழாயில தண்ணி குடிக்க எம்புட்டு சண்ட போடுவோம்…"

பேசிக்கொண்டே போனவள், கோர்ட்டுக்குப் பத்தடி முன்னால் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, இரண்டு எட்டு வைத்து நிமிர்ந்தாள்.

பின்னால் வந்த மிஸ் நின்றுவிட்டார்.

"எதுக்குட்டி குனிஞ்ச?"

"கிளை…"

பேச்சி அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம். வெயில் சுள்ளென்று முகத்தில் விழுந்தது. மரம் நின்ற இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை. நாலு பிள்ளைகள் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"காத்துல சாஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு," என்றார் மிஸ்.

பேச்சி நெற்றியைத் தடவிக்கொண்டாள். அந்த மரத்துக்காக அழுகை முட்டியது. வலைக்கு வலது பக்கம் பார்த்தாள். மேலே ஒரு இலைகூட இல்லை.

"அப்போ… உயரத் தூக்கிக் குடுக்கச் சொல்லுதீங்களா, மிஸ்?"

"நான் எங்கட்டி சொன்னேன்? எதுக்குக் குனிஞ்சன்னுதான் கேட்டேன்."